ஏடி வந்த என்ஜினை நம்பலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். மகன் பைலட் பயிற்சியில் சேர்ந்திருக்கிறார். பள்ளியில் இரண்டு செஸ்னா 172 விமானங்களை "என்ஜினுக்கு ஏடி வந்திருக்கிறது" என்று ஹேங்கரில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். மற்றவை பறந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே கம்பெனி என்ஜின்தானே, அப்படியென்றால் குறையோடுதான் பறக்கின்றனவா? ஹெலிகாப்டரில் இது இன்னும் ஆபத்தா? சர்வீஸ் புல்லட்டின் என்று இன்னொன்று சொல்கிறார்களே, அது என்ன?

சிறிய விமான என்ஜின்களைப் பிரித்து மாட்டுவதுதான் என் தொழில். முதலில் நேரடிப் பதில்: நிறுத்தி வைத்த இரண்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பறக்கிற மற்றவை அந்த ஏடிக்குள் வராது என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பள்ளி சொல்லும் பதிலிலேயே அங்கே பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும்.

ஏடி என்பது ஏர்வர்த்தினெஸ் டைரக்டிவ். பறக்கும் தகுதி தொடர்பாக அரசு அமைப்பு போடும் உத்தரவு. அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவில் ஈயாசா, இந்தியாவில் டி.ஜி.சி.ஏ. இதை நிறைவேற்றாமல் விமானத்தை இயக்குவது சட்டப்படி குற்றம். சர்வீஸ் புல்லட்டின் என்பது தயாரிப்பாளர் அனுப்புவது. அதன் தலையில் பெரிய எழுத்தில் "கட்டாயம்" என்று அச்சடித்திருந்தாலும், அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு விமானம் வைத்திருப்பவரை அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. அதே விஷயம் ஏடியாக வந்த பிறகுதான் கட்டுப்படுத்தும். இவை போக மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. "இப்படி ஒரு பிரச்சினை தென்படுகிறது, கவனித்துக்கொள்ளுங்கள்" என்று அரசு அமைப்பே அனுப்பும் தகவல் தாள். கட்டாயம் இல்லை. ஆஸ்திரேலியாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான காசா இதை ஏர்வர்த்தினெஸ் புல்லட்டின் என்கிறது. ஈயாசாவிலும் எஃப்.ஏ.ஏ.விலும் இதேபோன்றவை உண்டு.

அமெரிக்க என்ஜினுக்கு இந்தியாவில் எப்படி வருகிறது என்றால், சிக்காகோ ஒப்பந்தத்தின் 8-வது இணைப்புப்படி, வடிவமைத்த நாடு இப்படிப்பட்ட உத்தரவுகளை அந்த வகை விமானம் பதிவாகியிருக்கும் நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும். செஸ்னா 172-இல் பெரும்பாலும் இருப்பது அமெரிக்க நிறுவனமான லைகமிங்கின் என்ஜின். எஃப்.ஏ.ஏ. போட்டால் அது நம் ஹேங்கருக்கும் வந்து சேரும். (ராணுவ ஹெலிகாப்டர்கள் தரையிறக்கப்பட்ட செய்திகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு வேறு அமைப்பு, வேறு நடைமுறை.)

ஏடி ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது அவகாசத்தை. "அடுத்த பறப்புக்கு முன்" என்று இருந்தால் அவர்கள் உண்மையிலேயே பயந்திருக்கிறார்கள். "10 மணி நேரப் பறப்புக்குள்" என்றால் பயம் இருக்கிறது, ஆனால் வெளியூரில் நிற்கிற விமானம் பட்டறைக்கு வந்து சேர அவகாசம் தருகிறார்கள். "அடுத்த ஓவர்ஹாலில்", அதாவது என்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும்போது, என்றால் தேய்மானம் மெதுவாக நடக்கிற விஷயம். ஐந்து பக்கத் தொழில்நுட்ப விவரத்தைவிட அந்த ஒரு வரியில் அதிகம் இருக்கும். அதற்கடுத்து, யாருக்குப் பொருந்தும் என்கிற பத்தி. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன.

2017-இல் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் கேள்வியோடு நேராகப் பொருந்தும். பிஸ்டனையும் கிராங்க்ஷாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் சிறிய முனையில் ஒரு வெண்கல புஷ், அதாவது உள்வளையம், இருக்கும். பிஸ்டன் பின் அதற்குள்தான் ஆடும். புஷ்ஷை அழுத்தித்தான் உள்ளே ஏற்றுவார்கள். ராடோடு இறுகி உட்கார்ந்திருக்க வேண்டும். 2015 நவம்பருக்குப் பிறகு ஏறக்குறைய ஓராண்டு காலத்தில் லைகமிங்கிலிருந்து போன புஷ்களில் சில அப்படி இறுகவில்லை. இறுக்கம் போதாத புஷ் மெல்லப் பக்கவாட்டில் நகரும், தேயும், கடைசியில் ராடே போகும். ராட் உடைந்தால் என்ஜினின் வெளிக்கூடான கிராங்க்கேஸைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அப்படிச் சில என்ஜின்கள் பறக்கும்போதே நின்றன. லைகமிங் 632 என்ற எண்ணில் புல்லட்டின் விட்டது. அந்த ஆகஸ்டில் எஃப்.ஏ.ஏ. அதை 2017-16-11 என்ற ஏடியாக்கியது. அவகாசம் 10 மணி நேரம்.

இதில் தலைவலி என்னவென்றால், அந்த புஷ்கள் புதிய என்ஜின்களில் மட்டும் போகவில்லை, உதிரி பாகமாகவும் விற்கப்பட்டன. 1990-களில் செய்த என்ஜினாக இருக்கும், 2016-இல் ஏதோ ஒரு பட்டறையில் ஓவர்ஹால் செய்திருப்பார்கள், அப்போது உள்ளே போயிருக்கும். என்ஜின் சீரியல் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டு "நம்முடையது இதில் இல்லை" என்று சொல்லிவிட முடியாது. அந்த ஓவர்ஹாலின் ரசீதுகளை, பாகங்களின் சான்றிதழ்களைத் தோண்டி எடுத்துத் தேதி பார்க்க வேண்டும். ரசீது இல்லையென்றால் சிலிண்டரைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. சோதனை எளிமையானதுதான்: ஒரு கருவியை வைத்துக் குறிப்பிட்ட விசையில் புஷ்ஷைத் தள்ளிப் பார்ப்பது. நகர்ந்தால் ராடை மாற்ற வேண்டும். ஆனால் அந்த இடம்வரை கை போக சிலிண்டர்கள் வெளியே வர வேண்டும்.

கதை அத்தோடு முடியவில்லை. 2024-இல் எஃப்.ஏ.ஏ. இதே ராட் பிரச்சினைக்கு இன்னொரு ஏடி போட்டது. இந்த முறை கேட்டது வேறு: பட்டியலில் உள்ள என்ஜின்களில் ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் ஃபில்டரிலும் ஆயில் சல்லடைகளிலும் வெண்கலத் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் உங்களுக்கு உதவும். ஃபில்டர் டப்பாவை ரம்பத்தால் அறுக்கக் கூடாது. ரம்பத்தூளே உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றும். அதற்கென்று வட்டமாகச் சுற்றி வெட்டும் கட்டர் இருக்கிறது. உள்ளே விசிறி மடிப்பாக இருக்கும் காகிதத்தைக் கத்தியால் எடுத்து, ஆயிலைப் பிழிந்து, வெள்ளைத் துணியில் விரித்து, வெயிலிலோ டார்ச் ஒளியிலோ சாய்த்துப் பார்ப்போம். கருப்பு மணல் மாதிரி இருப்பது பெரும்பாலும் கார்பன், நசுக்கினால் பொடியாகும். மின்னுகிறதென்றால் காந்தம் வைப்போம். ஒட்டினால் இரும்பு: கேம், டாப்பெட், கியர் என்று சந்தேகம் போகும். ஒட்டாமல் வெள்ளையாக இருந்தால் அலுமினியம். ஒட்டாமல் பொன்னிறமாக இருந்தால் வெண்கலம். அதற்கும் உடனே புஷ் என்று தீர்ப்பு எழுத முடியாது, வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடிலிருந்தும் வெண்கலம் வரும். ஆனால் பொன்னிறத்தைப் பார்த்துவிட்டு ஃபில்டரை மாட்டி அனுப்புகிறவன் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது. உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: ஆயில் மாற்றும் நாளில் ஹேங்கர் பக்கம் போய் நிற்கட்டும். ஃபில்டரை வெட்டிப் பார்க்கிறார்களா, அப்படியே குப்பையில் போடுகிறார்களா என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம்.

இதற்கு நேர்மாறான ஒரு ஏடியும் உண்டு. பிரச்சினை புத்தம் புது என்ஜினில். 2023 பிப்ரவரியில் இன்னொரு என்ஜின் தயாரிப்பாளரான கான்டினென்டல் அறிவித்தது: கிராங்க்ஷாஃப்டில் அதிர்வைத் தணிக்கத் தொங்கும் எதிர் எடைகளைப் பிடித்துவைக்கும் வளையங்கள் சில என்ஜின்களில் தம் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம். 360, 470, 520, 550 வரிசை என்ஜின்கள். 2021 ஜூன் முதல் 2023 பிப்ரவரி தொடக்கம்வரை செய்தவை. வளையம் கழன்றால் எடை கழலும், சுழல்கிற வேகத்தில் உள்ளே எதையும் விட்டுவைக்காது. இந்த என்ஜின்களைப் பயன்படுத்தும் விமானத் தயாரிப்பாளர் சிர்ரஸ், எஃப்.ஏ.ஏ. உத்தரவுக்குக் காத்திருக்காமல், தன் சொந்த எஸ்ஆர்22 விமானங்களைப் பறக்காமல் நிறுத்திவிட்டது. பின்னாலேயே ஏடி வந்தது.

அதில் ஒரு வினோதம் கவனித்தீர்களா? 200 மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்ட என்ஜின்களைத் தொட வேண்டாம் என்றார்கள், குறைவாக ஓடியவற்றைத்தான் திறந்து பார்க்கச் சொன்னார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. பொருத்துவதில் நடந்த தவறு இது, தேய்மானம் இல்லை. வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் சீக்கிரமே கழன்றிருக்கும். இவ்வளவு நேரம் தாங்கியது என்றால் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. "புது விமானம்தானே, பயமில்லை" என்று நினைக்கிறவர்களுக்கு இதை நான் எப்போதும் சொல்வேன். பிஸ்டன் என்ஜினில் முதல் சில நூறு மணி நேரமும் ஒரு ஆபத்தான காலம்தான்.

சரி, ஏடி வந்தால் அது எப்போதும் நல்லதா? இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, ஹேங்கரில் எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஈ.சி.ஐ. என்ற நிறுவனம் கான்டினென்டல் 520, 550 என்ஜின்களுக்கு மாற்றுச் சிலிண்டர்கள் செய்து விற்றது. சிலவற்றில் தலைப்பகுதி பிளந்து, பீப்பாயிலிருந்து பிரிந்தது. 2013-இல் எஃப்.ஏ.ஏ. ஒரு ஏடி வரைவு வெளியிட்டது: ஆயிரக்கணக்கான சிலிண்டர்களை, அவை இன்னும் ஆயுள் முடியாமல் நன்றாக இருந்தாலும், கழற்றி மாற்ற வேண்டும். அமெரிக்க விமான உரிமையாளர்களும் விமானிகளும் இருக்கும் ஏ.ஓ.பி.ஏ. போன்ற சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. வாதம் செலவைப் பற்றியது மட்டும் இல்லை. பறக்கிற விமானத்தில் ஆறு சிலிண்டர்களையும் கழற்றி மாட்டுவது சாதாரண வேலை கிடையாது. கிராங்க்கேஸை இறுக்கிப் பிடிக்கும் நீளமான போல்ட்கள் சிலிண்டரோடு சேர்ந்து தளரும். திரும்ப மாட்டும்போது முறுக்கு விசை சரியாக விழவில்லை என்றால் உள்ளிருக்கும் மெயின் பேரிங் நகர்ந்து, ஆயில் துளை அடைபட்டு, என்ஜினே போகலாம். ஒரு அபூர்வமான பழுதைத் தடுக்கப் போய், அதைவிட அடிக்கடி நடக்கக்கூடிய பழுதை நாமே உண்டாக்குகிறோமா என்பது கேள்வி. மூன்று வருட விவாதத்துக்குப் பின் 2016-இல் திருத்தங்களோடு இறுதி ஏடி வந்தது. சிலிண்டரைக் கழற்றாமல் போரோஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துத் தீர்க்கக்கூடியதை அப்படித்தான் தீர்க்க வேண்டும் என்ற பக்கத்தில் நான் இருக்கிறேன்.

ரோட்டாக்ஸ் என்ஜின்களில் இதற்கு அழகான உதாரணம் உண்டு. 912, 914 வகைகளில் கார்புரேட்டர் மிதவைகள் பெட்ரோலை உறிஞ்சிக் கனமாகி மூழ்க ஆரம்பித்தன; பெட்ரோல் அளவு கூடி என்ஜின் உதறியது. தீர்வு, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி இரண்டு மிதவைகளையும் சேர்த்துச் சின்னத் தராசில் வைப்பது. 7 கிராமுக்கு மேல் போனால் மாற்று. அவ்வளவுதான். நம் நாட்டின் பழைய ஹன்சா-3 பயிற்சி விமானங்களிலும் ரோட்டாக்ஸ் 914 தான் இருக்கிறது, ஆகவே இது எங்கோ நடந்த கதை இல்லை.

அப்புறம் ஹெலிகாப்டர். ஆபத்து அதிகமா என்றால், என்ஜின் நின்ற பிறகு கிடைக்கும் நேரம் குறைவு என்பதுதான் வித்தியாசம். செஸ்னா சறுக்கிக்கொண்டு போகும். பைலட் யோசிக்க, வயல் தேட, திரும்ப ஸ்டார்ட் செய்துபார்க்க நேரம் இருக்கும். ராபின்சன் ஆர்22 மாதிரி எடை குறைந்த ரோட்டர் உள்ள ஹெலிகாப்டரில் ரோட்டர் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலை உடனடியாகக் கீழே இறக்க வேண்டும். இரண்டு விநாடி தயங்கினால்கூட ரோட்டர் வேகம் மீட்க முடியாத அளவுக்கு விழலாம்.

ராபின்சன் ஆர்22, ஆர்44 இரண்டிலும் இருப்பது லைகமிங் பிஸ்டன் என்ஜின்தான். குறைந்த சக்திக்குக் கட்டுப்படுத்தி ஓட்டுகிறார்கள். ஆனாலும் அதன் வாழ்க்கை விமான என்ஜினுடையதைவிடக் கடினம். எப்போதும் அதிக சுற்று வேகம், குளிர்விக்க எதிர்க்காற்று கிடையாது, மின்விசிறியை நம்பியே ஓட்டம். வெப்பத்தில் முதலில் அடி வாங்குவது வால்வும் அது உட்காரும் சீட்டும். ஆஸ்திரேலியாவில் மாடு மேய்க்க, அதாவது பரந்த பண்ணைகளில் மந்தையை ஓட்ட, இந்த ஹெலிகாப்டர்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கிருந்து வால்வு, சீட் சிதைவுகள் தொடர்ந்து பதிவாகவே காசா அதைப் பற்றி ஏர்வர்த்தினெஸ் புல்லட்டின் விட்டது.

வால்வு கெடுவது சத்தமில்லாமல் நடப்பதில்லை, கேட்கத் தெரிந்தால் போதும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் என்ஜின் ஒரு சிலிண்டர் இல்லாமல் தடுமாறி ஓடும், சூடானதும் சரியாகிவிடும். "குளிருக்கு அப்படித்தான்" என்று சொல்லி எழுதி வைக்காமல் பறந்துவிடுவார்கள். எக்ஸாஸ்ட் வால்வு கைடில் கார்பன் ஏறிச் சிக்குவதன் முதல் அடையாளம் பெரும்பாலும் அதுதான். கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ காற்றை விட்டுக் காது கொடுத்தால் எங்கே கசிகிறது என்றே சொல்லிவிடலாம். எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே போகும் வழியில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங்.

டர்பைன் ஹெலிகாப்டர்களில் எச்சரிக்கையின் தன்மையே வேறு. பெல் 206-இல் இருக்கும் ரோல்ஸ் ராய்ஸ் எம்250 என்ஜினில், பழைய பெயர் ஆலிசன் 250, மூன்றாம் நிலை டர்பைன் சக்கரத்தின் பிளேடுகள் உடைந்த சம்பவங்கள் உண்டு. சாயம் பூசி விரிசல் தேடும் பரிசோதனைகளை ஏடி கட்டாயமாக்கியது. அதோடு இன்னொன்றும் செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது. குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில், பெல் 206பி-இல் ஏறத்தாழ 75 முதல் 88 சதவீதம்வரை, அந்த பிளேடுகள் தம் இயல்பான அதிர்வோடு ஒத்ததிர ஆரம்பிக்கும். ஆகவே அந்த வேகத்தில் என்ஜினை நிலையாக ஓடவிடக் கூடாது, கடந்து போகலாம், தங்கக் கூடாது என்று காக்பிட்டில் ஒரு அறிவிப்பு ஒட்டச் சொல்லி, விமான கையேட்டிலும் சேர்த்தார்கள். பாகம் மாறவில்லை, பழக்கம் மாறியது. ஆனால் காரணம் தெரியாத பைலட்டுக்கு அது வெறும் ஸ்டிக்கர். தரையில் வார்ம்-அப் செய்யும்போது அதே வேகத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்.

எச்சரிக்கைக்கும் கட்டாயத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் எனக்கு உண்மையில் கவலை தருவது. என்ஜின் சம்பந்தப்படாத உதாரணம்தான், ஆனால் இதைவிடத் தெளிவானது கிடைக்காது. ஆர்44-இன் பழைய அலுமினிய எரிபொருள் தொட்டிகள், உயிர் பிழைத்திருக்கக்கூடிய சிறிய விபத்துகளில்கூடப் பிளந்து தீப்பிடித்தன. 2010 டிசம்பரில் ராபின்சன், உள்ளே ரப்பர் பை வைத்த தொட்டிக்கு மாறச் சொல்லி புல்லட்டின் விட்டது. அவகாசம் தாராளம், 2014 கடைசிவரை. மாற்றுவதற்குப் பணம் உரிமையாளருடையது, ஆகவே பலர் காத்திருந்தார்கள். 2012 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் ஜாஸ்பர்ஸ் பிரஷ் என்ற இடத்தில் ஒரு ஆர்44 விழுந்து தீப்பிடித்து இரண்டு பேர் இறந்தார்கள். 2013 மார்ச்சில் புல்லி டாப்ஸில் இன்னொன்று, நான்கு பேர். இரண்டிலும் பழைய தொட்டி. இந்த இரண்டாவது விபத்துக்கு முன்பே, 2012-இல், ராபின்சன் கடைசித் தேதியை 2013 ஏப்ரல் 30 என்று முன்னே இழுத்திருந்தது. விபத்துக்குப் பிறகு காசா அதைக் கட்டாயமாக்கி, மாற்றாதவற்றை நிறுத்தியது. அமெரிக்காவில் அதே விஷயம் பரிந்துரைத் தாளாக மட்டுமே வந்தது. ஒரே தொட்டி, ஒரே தீ, இரண்டு நாட்டில் இரண்டு முடிவு. "ஏடி இல்லையே" என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாக நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று. ஏடி வானத்திலிருந்து விழுவதில்லை. ஏதோ ஒரு ஹேங்கரில் ஒரு மெக்கானிக் வழக்கத்துக்கு மாறான ஒன்றைப் பார்த்து, படம் எடுத்து, குறைபாட்டு அறிக்கை அனுப்புகிறார். அமெரிக்காவில் அந்த அறிக்கைகள் பொதுவில் தேடிப் பார்க்கக் கிடைக்கின்றன. இரண்டாவது, மூன்றாவது அறிக்கை சேரும்போதுதான் தற்செயல் என்பது ஒரு வரிசையாகத் தெரியவரும். நம்மிடம் அறிக்கை அனுப்பத் தயக்கம் அதிகம். எழுதினால் ஆடிட் வரும், விமானம் நிற்கும் என்ற பயம். ஆகவே ஒரு என்ஜின் வகையைப் பற்றி நிறைய எச்சரிக்கைகள் வந்திருப்பதைப் பார்த்து அது மோசமானது என்று முடிவு செய்யாதீர்கள். உலகம் முழுக்கப் பல்லாயிரம் எண்ணிக்கையில் பறப்பதைப் பற்றி நிறைய எழுதுவார்கள். யாருமே எதுவும் எழுதாத என்ஜினைத்தான் நான் சந்தேகமாகப் பார்ப்பேன்.

இனி உங்கள் மகன் பள்ளியில் கேட்க வேண்டியது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஏடி நிலவரப் பட்டியல் என்று ஒன்று இருக்கும்: எந்த ஏடி, பொருந்துமா, எப்போது செய்தார்கள், அடுத்து எப்போது, யார் கையெழுத்து. "பொருந்தாது" என்று எழுதிய இடங்களில் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். "சீரியல் எண் பட்டியலில் இல்லை" என்பது ஒரு காரணம். ஆனால் ராட் புஷ் மாதிரி உதிரி பாகத்தைப் பற்றிய ஏடிக்கு அது போதாது. கடைசி ஓவர்ஹால் தேதியும் பாகங்களின் தேதியும் அங்கே இருக்க வேண்டும். பயிற்சி மாணவர் இதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பறப்பதற்கு முன் விமானத்தின் தகுதியைப் பார்த்துக்கொள்வது பைலட்டின் வேலையும்தான். நல்ல பள்ளி என்றால் தலைமைப் பொறியாளரே உட்கார வைத்துக் காட்டுவார். நிறுத்தி வைத்த அந்த இரண்டும் திரும்ப வெளியே வரும்போது, சிலிண்டர் கழற்றியிருந்தால், முதல் சில மணி நேரப் பறப்பைப் பயிற்சியாளர்களே செய்து முடித்த பிறகு மாணவர்களுக்குக் கொடுக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.